காதால் கேட்டே ஜெர்மன் பேசப் பழகுவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவதற்குள் ஒரு ஜெர்மன் ஒலிப்பாடத்தைக் கேட்டு முடித்துவிடலாம். அப்படியே மூன்று மாதம் கேட்டவருக்கு ஜெர்மன் ஓரளவு புரியும். ஆனால் ஒரு ஜெர்மன்காரர் எதிரே வந்து நின்றால் பேச்சு வராது. பாடத்தில் குறை இல்லை. ஒலிப்பாடத்தில் கேள்விக்கும் விடைக்கும் நடுவே சில விநாடி அமைதி விடுவார்கள். படிப்பு நடப்பது அந்த அமைதியில்தான். அந்த நேரத்தில் வாய்விட்டு விடை சொல்லாமல், விடை வந்த பிறகு "ஆமாம், தெரிந்ததுதான்" என்று தலையாட்டினால், பாடத்தின் பாதியைத் தூக்கி எறிந்த கணக்கு.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரிசெய்துகொள்ளலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிலகம், ஆங்கிலம் பேசுபவர் ஜெர்மனில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 36 வாரம், 900 வகுப்பு மணிநேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. நாளுக்கு அரைமணி நேரம், ஆறு மாதம் என்றால் கையில் இருப்பது அதிகம் போனால் 90 மணிநேரம்தான். தன்னை அறிமுகப்படுத்த, வழி கேட்க, சாப்பாடு சொல்ல, நேரம் குறிக்க, நேற்று செய்ததையும் நாளை செய்யப்போவதையும் சொல்ல அது போதும். அலுவலகக் கூட்டத்தில் வாதாடப் போதாது.

எந்தப் பாடம்?

பிம்ஸ்லர்: ஒரு பாடம் 30 நிமிடம், ஒரு நிலைக்கு 30 பாடம், ஜெர்மனுக்கு ஐந்து நிலைகள். பால் பிம்ஸ்லர் 1967-ல் வெளியிட்ட நினைவு அட்டவணைதான் இதன் அடிப்படை. புதுச் சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியை நீட்டி நீட்டித் திரும்பக் கேட்பார்கள். பிறகு ஒரு நாள், ஐந்து நாள் என்று அது நீளும். உச்சரிப்புக்கும் உடனடியாகப் பதில் சொல்லும் பழக்கத்துக்கும் இதற்கு ஈடு குறைவு. குறை என்னவென்றால் சொற்கள் குறைவு, விலை அதிகம், இலக்கண விளக்கம் அனேகமாகக் கிடையாது. ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம்.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்: முற்றிலும் இலவசம். 50 சிறு பாடங்கள். ஆசிரியர் ஒரு மாணவரோடு உரையாடி, மொழி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவரையே கண்டுபிடிக்கவைக்கிறார். மாணவர் வாய் திறப்பதற்கு முன் நீங்கள் நிறுத்தி விடை சொல்ல வேண்டும். மிஷெல் தாமஸ் பாடமும் இதே வகைதான். ஆனால் அவர் போலந்தில் பிறந்தவர். அவருடைய உச்சரிப்பை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

டாய்ச்ச வெல்ல: ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனம். 'டாய்ச், வரூம் நிஹ்ட்?' என்ற அதன் பழைய வானொலிப் பாடம் நான்கு தொடர், தொடருக்கு 26 பாடம், இலவசம். ஹோட்டலில் வேலை பார்க்கும் மாணவன் ஆண்ட்ரேயாஸ், கண்ணுக்குத் தெரியாத குட்டித் தேவதை எக்ஸ் என்று கதை கொஞ்சம் அசட்டுத்தனமாக ஓடும். ஆனால் நாடகக் குரல்கள் தெளிவு.

அசிமில் புத்தகத்தோடு சேர்ந்தது. பாதிப் பாடம் வரை கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், அதன்பிறகு பழைய பாடங்களுக்குத் திரும்பி நாமே ஜெர்மனில் சொல்லிப் பார்க்க வேண்டும். உட்கார்ந்து படிக்க நேரம் இருப்பவர்களுக்கு நல்லது.

எங்கள் பரிந்துரை: லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபரை ஐந்து வாரத்தில் முடியுங்கள். பிறகு பணம் செலவழிக்க மனமிருந்தால் பிம்ஸ்லரின் முதல் இரண்டு நிலைகள், இல்லாவிட்டால் டாய்ச்ச வெல்லவின் நான்கு தொடர்கள். ஒரு நேரத்தில் ஒரே பாடம். ஒன்றில் அலுப்புத் தட்டும்போது இன்னொன்றின் முதல் பாடத்துக்குத் தாவுகிறவர் ஒரு வருடம் கழித்தும் "கூட்டன் டாக்" சொல்லிக்கொண்டிருப்பார். வாங்குவதற்கு முன் தேசிய நூலக வாரியத்தின் லிபி செயலியிலும் தேடிப் பாருங்கள்.

எங்கே பேசுவது?

இந்த ஊரில் பெரிய சிக்கல் இதுதான். வீவக வீட்டில் பக்கத்து அறையில் ஆள், ரயிலில் தோளோடு தோள். சத்தமாகப் பேச இடம் கிடையாது. கிசுகிசுத்தாலும் உதடு அசைகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆனால் கிசுகிசுப்பில் குரல் ஒலி வராது, 'பம்பரம்' என்பதில் வரும் இரண்டு பகரங்களைப் போன்ற வன்மையான ஒலியும் மென்மையான ஒலியும் ஒன்றாகிவிடும். நடந்துகொண்டே படியுங்கள். பூங்கா இணைப்புப் பாதை, பழைய ரயில் தடத்தில் போட்ட ரயில் காரிடார், ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா எல்லாம் தோதான இடங்கள். காதில் கருவி மாட்டிக்கொண்டு தனியாகப் பேசி நடப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வெயிலுக்கு முன் காலை ஆறரை மணி, அல்லது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. மழை என்றால் புளோக்கின் கீழ்த்தளம்.

ரயில் நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். புதுப் பாடத்தை அங்கே கேட்காதீர்கள். நேற்று வாய்விட்டுச் சொல்லி முடித்த பாடத்தை மறுபடி கேளுங்கள். ரயில் இரைச்சலில் முதலில் காணாமல்போவது 'ஃப்', 'ஸ்', 'ஹ்' போன்ற காற்றொலிகள். புதுச் சொல்லை அங்கே முதன்முறை கேட்டால் தவறாகவே பதியும்.

முதல் வாரம்: ஒலிகள் மட்டும்

பாடம் ஒன்றைத் தொடங்குவதற்கு முன் ஏழு நாள், நாளுக்கு 15 நிமிடம் ஒலிகளுக்குக் கொடுங்கள். இங்கே ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது அடையாளத்துக்குத்தான். உங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதாதீர்கள். ஜெர்மனில் நன்றி சொல்வதற்கும் வண்டிக்கு எண்ணெய் போடுவதற்கும் ஓர் ஒலிதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே 'டங்க்கன்'.

நமக்குச் சாதகமானது குறில் நெடில். 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. 'மிட்டெ' நடு, 'மீட்டெ' வாடகை. 'ஒஃபன்' திறந்திருக்கிறது, 'ஓஃபன்' அடுப்பு. மற்றவர்கள் மாதக்கணக்கில் திணறும் இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும்.

இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகளில் இரண்டுக்கு உதடுதான் சூட்சுமம். 'ஈ' சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் ஒன்று. 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் மற்றொன்று. கண்ணாடி முன் நின்று பழகுங்கள். இங்கே 'யூ', 'யோ' என்று எழுதியிருப்பது இவற்றைத்தான். யகரம் ஒலிக்கக் கூடாது.

'இஹ்' என்ற சொல்லின் கடைசி ஒலி, 'ஈ' சொல்லும் நிலையிலேயே காற்றை மட்டும் ஊதுவது. 'நாஹ்', 'பூஹ்' போல ஆ, ஓ, ஊவுக்குப் பின் வந்தால் அதே காற்று தொண்டையிலிருந்து உரசி வரும். அங்கே ககரம் போட்டுவிடுவது வழக்கமான பிழை.

நாக்கை உருட்டும் ரகரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியது சொல்லின் முடிவு. இரண்டு பக்கமிருந்து இடி. தமிழ்ப் பழக்கம் ஓர் உகரத்தை ஒட்டவைக்கும்: 'கூட்' என்பது 'கூட்டு' ஆகும், 'டாக்' என்பது 'டாக்கு' ஆகும். சிங்லிஷ் பழக்கம் நேர்மாறாகக் கடைசி டகரத்தை விழுங்கும். 'மஹ்ஸ்ட்' என்றால் நீ செய்கிறாய், 'மஹ்ட்' என்றால் அவன் செய்கிறான். முடிவை விழுங்கினால் யார் செய்கிறார் என்பதே போய்விடும். ('இஸ்ட்' என்பதை ஜெர்மானியரே பேச்சில் 'இஸ்' என்பார்கள். அது உங்களுக்கு ஆறாம் மாதத்துக்கு மேல் கிடைக்கும் சலுகை.)

ஒரு பாடத்தைச் செய்யும் முறை

முதல் சுற்றில் எழுத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தால் ஆங்கில வாசிப்புப் பழக்கம் குறுக்கே வரும்: ஜெர்மனில் ட்ஸகரமாக ஒலிக்கும் எழுத்தை இஸட் என்பீர்கள், வகரமாக ஒலிக்கும் டபிள்யூவை உதடு குவித்துச் சொல்வீர்கள்.

இடைவெளி போதாவிட்டால் நிறுத்துங்கள். ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் யோசிக்காதீர்கள். அதற்குள் வந்ததைத் தவறாகவேனும் சொல்லுங்கள். தவறாகச் சொல்லி உடனே சரியானதைக் கேட்பது, சும்மா இருந்து கேட்பதைவிட ஆழமாகப் பதியும். பத்தில் எட்டு விடை சரியாக வந்தால் அடுத்த பாடம். பத்துக்குப் பத்து வரும்வரை ஒரே பாடத்தில் நிற்காதீர்கள். விடுபட்டது பின்னால் வரும் பாடங்களில் திரும்ப வரும். பத்தில் ஆறுதான் என்றால் மறுநாள் அதே பாடம்.

நாளுக்கு ஒரு பாடம் (லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபரின் சிறு பாடம் என்றால் இரண்டு), வாரத்துக்கு ஆறு நாள். ஞாயிறன்று இரண்டு மணிநேரம் என்பது நினைவு அட்டவணையை உடைக்கும் வேலை. தீபாவளிக்கோ தேசிய சேவை முகாம் பயிற்சிக்கோ நான்கு நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து இரண்டு பாடம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒரு வாக்கியத்தைப் பிசையுங்கள். 'நாளை ரயிலில் போக விரும்புகிறேன்' என்று வைத்துக்கொள்வோம்: 'இஹ் ம்யோஹ்டெ மொர்கன் மிட் டேம் ட்ஸூக் ஃபாரன்.' வேகமாக வராவிட்டால் பின்னாலிருந்து கட்டுங்கள்: 'ஃபாரன்', 'ட்ஸூக் ஃபாரன்', 'மிட் டேம் ட்ஸூக் ஃபாரன்', அப்படியே முன்னோக்கி. முன்னாலிருந்து கட்டினால் கடைசிச் சொல்லுக்குள் மூச்சும் தொனியும் போய்விடும். அடுத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ், டாக்ஸி. நாளைக்குப் பதில் இன்று, 'ஹொய்ட்டெ'. பிறகு கேள்வி: 'ம்யோஹ்டன் ஸீ மிட் டேம் புஸ் ஃபாரன்?' கடைசியாக, காலச் சொல்லை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்: 'மொர்கன் ம்யோஹ்டெ இஹ் மிட் டேம் புஸ் ஃபாரன்.'

இந்தக் கடைசி மாற்றத்தில்தான் அனேகமாக எல்லோரும் சறுக்குகிறார்கள். தலைமை வாக்கியத்தில் முன்னால் எது வந்தாலும் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும், எழுவாய் அதற்குப் பின்னால் போகும். ஆங்கிலம் பழகிய வாய் 'மொர்கன் இஹ்...' என்றே தொடங்கும். வாரம் முழுவதற்கும் சொல்லிப் பழகுங்கள்: 'அம் ஸாம்ஸ்டாக் ஃபாரெ இஹ் நாஹ் ஜொகூர்.' சனிக்கிழமை ஜொகூருக்குப் போகிறேன்.

வாரம் ஒருமுறை உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பாடத்தின் பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் அவர்கள் குரல், பிறகு உங்கள் குரல். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். தப்பென்றால் அங்கேயே திருத்த ஆள் இருந்தது. ஒலிப்பாடத்தில் திருத்துபவர் யாரும் இல்லை. அந்த வேலையைச் செய்யக்கூடியது பதிவுக் கருவி ஒன்றுதான்.

எண்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஜெர்மனில் ஒன்றின் இடத்தை முன்னால் சொல்வார்கள்: 65 என்றால் ஐந்தும் அறுபதும். தேக்கா பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது வரும் வண்டி எண்ணையெல்லாம் சொல்லுங்கள். 65 வந்தால் 'ஃப்யூன்ஃப் உன்ட் ஸெஹ்ட்ஸிஹ்', 147 வந்தால் 'ஹுன்டர்ட் ஸீபன் உன்ட் ஃபிர்ட்ஸிஹ்'. பஸ் கதவு திறப்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

ஆங்கில விளக்கத்தைத் தமிழால் திருத்துங்கள்

மேலே சொன்ன பாடங்களில் விளக்கம் ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கிலம் பேசுபவருக்கு எது விநோதமோ அதைக் கடினம் என்று பயமுறுத்துவார்கள். அதில் பாதி நமக்கு வீட்டுச் சமாசாரம்.

'ஸீ', 'டூ' இரண்டும் நீங்கள், நீ. அவ்வளவுதான்.

வேற்றுமையும் அப்படித்தான். 'மிஹ்' என்றால் என்னை, 'மியர்' என்றால் எனக்கு. 'மியர் இஸ்ட் கல்ட்': எனக்குக் குளிர்கிறது. 'டஸ் கெஃபெல்ட் மியர்': அது எனக்குப் பிடித்திருக்கிறது. 'எர் ஹில்ஃப்ட் மியர்': அவன் எனக்கு உதவுகிறான். உதவி, நன்றி இரண்டுக்கும் ஜெர்மனிலும் நம் நான்காம் வேற்றுமை போன்ற 'எனக்கு' வடிவம்தான் வரும். ஆங்கிலம் வழியாக வருபவர் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நீங்கள் தமிழில் நினைத்தாலே போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. உனக்கு போன் பண்ணுகிறேன் என்பது ஜெர்மனில் உன்னை அழைக்கிறேன் என்ற வடிவில் வரும்: 'இஹ் ரூஃபெ டிஹ் அன்'. எனக்குப் பசிக்கிறது என்பது 'இஹ் ஹாபெ ஹுங்கர்', அதாவது நான் பசி வைத்திருக்கிறேன்.

துணை வாக்கியத்தில் வினை கடைசியில் போகும்: 'வைல் இஹ் ம்யூடெ பின்', நான் களைப்பாக இருப்பதால். வினைக்காக வாக்கியம் முடியும்வரை காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. பிரியும் வினைகளுக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும். 'இஹ் ஷ்டேயெ உம் ஸெக்ஸ் ஊர் அவுஃப்' என்பதில் கடைசி 'அவுஃப்' வந்த பிறகுதான், ஆறு மணிக்கு நிற்கவில்லை, எழுந்திருக்கிறேன் என்பது தெரியும்.

தமிழ் கைகொடுக்காத இடம் பால். மேசைக்கும் கதவுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, தர்க்கம் கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் 'டெர்', 'டீ', 'டஸ்' என்ற முன்சொற்களில் ஒன்றோடு ஒட்டி ஒரே சொல்லாகவே சொல்லிப் பழகுங்கள். வேற்றுமையில் இவை எடுக்கும் 'டேன்', 'டேம்' வடிவங்கள் இரண்டும் பேச்சில் மங்கி வெறும் னகர மகரமாகக் கேட்கும். ஒலிப்பாடம் மட்டும் கேட்டவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இருபதாம் பாடம் தாண்டியதும் எழுத்துப் பிரதியை ஒருமுறை பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் சேர்த்துச் சொந்தமாக ஓர் ஒலிக்கோப்பு செய்யலாம். ஐந்து பாடத்துக்கு ஒருமுறை பத்து வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் பொருளை உங்கள் குரலில் சொல்லுங்கள், ஐந்து விநாடி அமைதி, பிறகு பாடத்திலிருந்து வெட்டிய ஜெர்மன் குரல். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். முதல் கோப்புக்கு ஒரு மணிநேரம் பிடிக்கும், பிறகு இருபது நிமிடம். சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

பாடம் முடிந்த பிறகு

நேராக டாய்ச்ச வெல்லவின் மெதுவாக வாசிக்கும் செய்திக்குப் போகாதீர்கள். வாசிப்புதான் மெதுவே தவிர சொற்கள் கடினம். அது இடைநிலையைத் தாண்டியவர்களுக்கானது. அதற்குப் பதில் அதே நிறுவனத்தின் 'நிக்கோஸ் வேக்' காணொளித் தொடர். தொடக்க நிலையான ஏ1-லிருந்து இடைநிலையான பி1 வரை இலவசம், இயல்பான பேச்சு. முதலில் படத்தைப் பார்க்காமல் கேளுங்கள், பிறகு பாருங்கள்.

ஆளோடு பேசுவதை மூன்றாம் மாதத்திலேயே தொடங்குங்கள். இணையத்தில் மொழிப் பரிமாற்றத் துணை கிடைத்தால் நேரத்தைக் கவனியுங்கள்: ஜெர்மனி நமக்குக் கோடையில் ஆறு மணிநேரம், குளிர்காலத்தில் ஏழு மணிநேரம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே மதியம் மூன்று அல்லது இரண்டு, வேலை நேரம். சனி ஞாயிறு மாலைதான் தோது. முதல் அழைப்பு 20 நிமிடம் போதும். பாதி ஜெர்மன், பாதி அவருக்கு வேண்டிய மொழி. எதிராளி ஆங்கிலத்துக்கு மாறினால் நீங்கள் ஜெர்மனிலேயே தொடருங்கள்.

சான்றிதழ் வேண்டும் என்றால் ஜெர்மன் மொழி, பண்பாட்டு நிறுவனமான கதே நிலையத்தின் ஏ1 தேர்வு. 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்டல் ஏறத்தாழ 20 நிமிடம், வாசித்தல் 25, எழுத்து 20, பேச்சு குழுவாக 15 நிமிடம். ஒலிப்பாடக்காரர் மதிப்பெண்ணை இழப்பது எழுத்தில்: படிவம் நிரப்புதல், சிறு மடல். பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதே பலருக்குத் தெரியாது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கேட்ட வாக்கியத்தில் நாளுக்கு ஐந்தை எழுதிப் பிரதியோடு ஒப்பிடத் தொடங்குங்கள்.

பேச்சுத் தேர்வின் முதல் பகுதி தன் அறிமுகம். அதில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும் ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள். நீளப் பெயருக்குப் பேர்போன நமக்கு இது பொறி. ஜெர்மனில் முதல் எழுத்து 'ஆ'. ஆங்கிலத்தில் 'ஈ' என்கிற எழுத்தை அவர்கள் 'ஏ' என்பார்கள், 'ஐ' என்பதை 'ஈ' என்பார்கள். ஜே என்பது 'யொட்', வி என்பது 'ஃபாவ்', ஒய் என்பது 'யூப்ஸிலொன்'. ஜெயவேல் என்ற பெயருக்கு: யொட், ஏ, யூப்ஸிலொன், ஆ, ஃபாவ், ஏ, எல். உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுக்காமல் வரும்வரை சொல்லிப் பாருங்கள்.